மெதுவாகச் சறுக்கிக் காட்டத் தெரியுமா? பனிச்சறுக்குப் பயிற்றுநர்கள் பற்றி வாசகர் கேள்விகள்

பனிச்சறுக்கு கற்கப் போகிறவர்களும், பிள்ளைகளைப் பனிச்சறுக்குப் பள்ளியில் சேர்த்திருக்கும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை: நன்றாகச் சொல்லிக்கொடுக்க, சொல்லிக்கொடுப்பவர் முதல்தர வீரராக இருக்க வேண்டுமா? கேட்டவர்களின் நிலைமை வேறு வேறு. அதனால் பதில்களும் ஒன்றுபோல் இல்லை.

ஜனவரியில் நானும் மனைவியும் காஷ்மீரின் குல்மார்க் போகிறோம். இருவரும் பனியைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. போட்டிகளில் பதக்கம் வாங்கிய பயிற்றுநரைத்தான் பிடிக்க வேண்டும் என்கிறார் நண்பர். அப்படி ஒருவர் கேட்கும் கட்டணம் மற்றவர்களைப்போல இரண்டு மடங்கு. கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், கோவை

பதக்கத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

முதல் மூன்று நாளில் நீங்கள் என்னென்ன செய்யப்போகிறீர்கள் என்று பாருங்கள். பூட்ஸோடு நடப்பது. ஒரு காலில் மட்டும் ஸ்கீ எனும் சறுக்குப் பலகையை மாட்டித் தள்ளித் தள்ளிப் போவது. சரிவுக்குக் குறுக்கே நின்று படிப்படியாகப் பக்கவாட்டில் ஏறுவது. கீழே தானாக நிற்கும் சமதளம் உள்ள சிறு மேட்டில் நேராக இறங்குவது. பிறகு முன்முனைகளைக் குவித்து, பின்முனைகளை விரித்து, ஆப்பு வடிவில் வேகத்தை அடக்குவது. அதே வடிவில் இடமும் வலமும் திரும்புவது. எல்லாமே மனிதர் நடக்கும் வேகம்தான். போட்டியாளர் மணிக்கு 70, 80 கிலோமீட்டரில் செய்யும் எதுவும் இங்கே தேவைப்படாது.

தேவைப்படுவது வேறொரு திறமை. நடை வேகத்தில், இரண்டு பலகையும் ஒரே கோணத்தில் விரிந்திருக்க, தோள் ஆடாமல், தொடக்கம் எது முடிவு எது என்று பார்ப்பவருக்குத் தெரியும்படி ஒரு திருப்பத்தைச் செய்துகாட்ட வேண்டும். இது எளிதல்ல. ஐந்து வயதில் ஆப்பு வடிவத்தை விட்டுவிட்டு, பலகைகளை இணையாக வைத்துச் சறுக்கும் ‘இணைப் பலகை’க்குப் போய்விட்டவர், முப்பது வயதில் அதைக் காட்டும்போது திருப்பத்தின் முடிவில் தன்னையறியாமல் பலகைகளைச் சேர்த்துவிடுவார். உங்கள் கண்ணில் பதிவது அந்தச் சேர்ப்புதான். அடுத்த நிமிடம் நீங்களும் சேர்ப்பீர்கள். பிடிமானம் போய் வேகம் பிடித்துக்கொள்ளும். பதக்கக்காரர் எல்லோரும் இப்படி என்று சொல்லவில்லை. அருமையாகச் சொல்லிக்கொடுக்கும் முன்னாள் வீரர்கள் உண்டு. ஆனால் அந்தத் திறமை அவர்களுக்குப் பதக்கத்தோடு வந்ததல்ல, தனியாகப் பழகியது.

பணம் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதல் நாள் எந்த இடத்தில் தொடங்குவீர்கள்? எத்தனை பேர் கொண்ட குழு? சரிவின் மேலே கொண்டுபோகும் லிஃப்ட்டில் எப்போது ஏற்றுவீர்கள்? “கீழே புல்வெளிச் சரிவில்தான், நீங்கள் நிற்கப் பழகிய பிறகுதான் லிஃப்ட்” என்பது நல்ல பதில். “மதியமே கொண்டோலாவில் மேலே போகலாம்” என்று ஒருவர் ஆசை காட்டினால் விலகிவிடுங்கள். குல்மார்க் கொண்டோலா எனும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில் அஃபர்வத் மலைத் தோளில் கொண்டுபோய் விடும். அங்கே இருப்பது பெரும்பாலும் செப்பனிடாத பனி. பனிச்சரிவு அபாயமுள்ள இடம். புதியவருக்கு அங்கே கற்க எதுவும் இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் குல்மார்க்கிலேயே ஒரு பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. தனியார் பயிற்றுநரிடம் பேசும் முன் அங்கும் விசாரியுங்கள்.

இன்னொன்று. பயிற்றுநரைத் தேடுவதில் பாதி நேரத்தையாவது பூட்ஸைத் தேடுவதில் செலவிடுங்கள். ஒரே ஒரு மெல்லிய நீளக் காலுறை போதும். இரண்டு போட்டால் கால் மரத்துப்போகும். பூட்ஸில் காலை விட்டுக் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, பிறகு கொக்கிகளை மாட்டுங்கள். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தைத் தொடலாம். முன்னே சாய்ந்தால் விலக வேண்டும். குதிகால் மேலே எழும்பக் கூடாது. வாடகைக் கடையில் ‘வசதியாக இருக்கிறது’ என்று ஒரு அளவு பெரியதை வாங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். காலின் அசைவு பலகைக்குப் போய்ச் சேராத பூட்ஸோடு வந்தவருக்கு ஒலிம்பிக் வீரராலும் சொல்லிக்கொடுக்க முடியாது. பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பைண்டிங் எந்த விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் திறன் ஆகியவற்றை வைத்தே அமைக்கிறார்கள். கடையில் எடையைக் குறைத்தும் திறமையைக் கூட்டியும் சொல்லாதீர்கள். விழும்போது கழல வேண்டிய பலகை கழலாமல் போனால் முழங்கால்தான் முறுகும்.

உத்தராகண்டின் ஔலியில் ஒரு வாரம் கற்றேன். பயிற்றுநர் சறுக்குவதைப் பார்த்தால் தண்ணீர் ஓடுவது போல இருக்கும். ஆனால் எனக்குச் சொன்னதெல்லாம் “முழங்காலை மடக்கு” என்பதுதான். மடக்க மடக்கத் தொடை எரிந்தது, பலகை திரும்பவே இல்லை. தப்பு என் மேலா?
— ஒரு வாசகி, பெங்களூரு

உங்கள் மேல் இல்லை. சொன்னதை நீங்கள் செய்திருக்கிறீர்கள். சொன்னதுதான் தவறு.

‘முழங்காலை மடக்கு’ என்றால் நம் உடம்பு நாற்காலியில் உட்காருவது போல மடங்கும். இடுப்பு குதிகாலுக்குப் பின்னால் போய்விடும். எடை பலகையின் பின்பகுதியில் இறங்கும். முன்பகுதி லேசாகி, பனியைக் கவ்வாமல் மிதக்கும். பலகை திரும்பத் தொடங்குவதே முன்பகுதி பனியைப் பிடிப்பதால்தான். பிடிக்காதபோது நேராக ஓடும், வேகம் கூடும், பயம் வரும், பயத்தில் இன்னும் பின்னால் உட்காருவீர்கள். பின்னால் சாய்ந்த உடம்பைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசைதான். எரிச்சல் அதனால்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார்? நன்றாகச் சறுக்குபவரின் முழங்கால் மடங்கித்தான் இருக்கும். அது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அது விளைவு. காரணம் கீழே, பூட்ஸுக்குள் இருக்கிறது: கணுக்கால் மடங்கி, முழங்காலுக்குக் கீழே உள்ள கால் எலும்பு பூட்ஸின் முன்பக்க நாக்கை மெதுவாக அழுத்திக்கொண்டே இருக்கிறது. கணுக்கால் மடங்கினால் முழங்கால் தானாக மடங்கும், இடுப்பு பாதத்துக்கு மேலேயே நிற்கும். திறமைசாலிக்கு இந்த அழுத்தம் பல வருடங்களாக யோசனையே இல்லாமல் நடப்பது. யோசிக்காமல் நடப்பதைச் சொல்லில் எடுத்துவைப்பது கடினம். பிறவித் திறமை உள்ளவர்கள் சொல்லிக்கொடுக்கும்போது பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான்.

அடுத்த முறை இப்படிப் பழகுங்கள். பலகை மாட்டாமல், பூட்ஸை மட்டும் போட்டுச் சமதளத்தில் நின்று நாக்கை அழுத்தி விடுங்கள். இருபது முறை. பிறகு பலகை மாட்டி, நின்ற இடத்திலேயே சின்னதாகக் குதியுங்கள். பின்முனைகள் தரையை விட்டு எழவில்லை என்றால் எடை பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். அதே குதியலை மிக லேசான சரிவில் நேராக இறங்கிக்கொண்டே செய்யுங்கள். கைகள் இரண்டும் கண்ணில் படும்படி முன்னே இருக்கட்டும், சீர்வரிசைத் தாம்பாளத்தை ஏந்திப் போவது போல. தாம்பாளம் ஏந்தியவர் பின்னால் சாய மாட்டார்.

சொல்லைத் தேர்ந்தெடுப்பது சின்ன விஷயமல்ல. 1998இல் கேப்ரியேலே வுல்ஃபும் உடன் ஆய்ந்தவர்களும், பனிச்சறுக்கு அசைவைப் போலச் செய்யவைக்கும் ஒரு கருவியில் புதியவர்களைப் பழக்கிப் பார்த்தார்கள். தங்கள் பாதத்தில் கவனம் வைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட, பாதத்துக்குக் கீழே கருவியின் சக்கரங்களில் கவனம் வைக்கச் சொல்லப்பட்டவர்கள் நன்றாகக் கற்றார்கள். ‘முழங்காலை மடக்கு’ உடம்பைப் பார்க்கச் சொல்கிறது. ‘பூட்ஸ் நாக்கை நசுக்கு’ பொருளைப் பார்க்கச் சொல்கிறது. ஒன்று இரண்டு சொல், மற்றது மூன்று சொல். காற்றிலும் ஹெல்மெட்டுக்குள்ளும் மாணவர் காதில் விழுவது அவ்வளவுதான் என்பதால், அந்த இரண்டு மூன்று சொல்லும் சரியானவையாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்தும் பின்னால் சாய்ந்தால், கோளாறு உங்கள் கணுக்காலில் இல்லை, நீங்கள் நிற்கும் சரிவில். கீழே இறங்கி, இன்னும் தட்டையான இடத்துக்குப் போங்கள். பயப்படும் உடம்பு பள்ளத்தை விட்டு விலகத்தான் பார்க்கும். அதை அதட்டித் திருத்த முடியாது.

என் ஒன்பது வயது மகன் இங்கே ஸ்கீப் பள்ளிக்குப் போகிறான். அவனுக்குப் படிப்பிக்கிறது பதினெட்டு வயதுப் பெடியன். பக்கத்துக் குழுவுக்கு ரேஸ் ஓடுகிற ஒருவர். மகனை அந்தக் குழுவுக்கு மாற்றக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன். நான் ஸ்கீ பழகவில்லை. ஆள் நல்லவரா என்று எப்படிப் பார்ப்பது?
— ஒரு வாசகி, பெர்ன்

மாற்றக் கேட்கும் முன், வேலிக்கு வெளியே நின்று இருபது நிமிடம் பாருங்கள். பனிச்சறுக்கு தெரியாதவரும் பார்த்துத் தீர்மானிக்கக்கூடியவை நிறைய இருக்கின்றன.

பிள்ளைகள் எவ்வளவு நேரம் அசைந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். இருபது நிமிடத்தில் பதினைந்து நிமிடம் வரிசையில் நின்று பேச்சுக் கேட்டால், பேசுபவர் யாராக இருந்தாலும் அது மோசமான வகுப்பு. குழுவை நிறுத்தும்போது எங்கே நிறுத்துகிறார்? பாதையின் ஓரத்தில், மேலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். மேட்டின் மறைவில் நிறுத்தினால் மேலே இருந்து வருபவர் மோதுவார். பிள்ளைகளின் முகத்தில் வெயில் அடிக்காதபடி தான் இடம் பார்த்து நிற்கிறாரா? லிஃப்ட்டில் ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் தலை எண்ணுகிறாரா?

பிறகு அவர் காட்டும் முறை. பிள்ளை செய்யும் அதே வேகத்தில் செய்துகாட்டினால் நல்லது. சின்னவர்களுக்கு முன்னால், அவர்களைப் பார்த்தபடி பின்னோக்கிச் சறுக்குகிறவர் இன்னும் நல்லது. அவரால் ஒவ்வொரு பாதத்தையும் பார்க்க முடியும், விழும் பிள்ளையைப் பிடிக்கவும் முடியும். பத்துப் பிள்ளைகளைப் பாம்பு வால்போல் தன் பின்னால் இழுத்துக்கொண்டு ஒரு தடவையும் திரும்பிப் பாராமல் இறங்குகிறவர் எவ்வளவு அழகாகச் சறுக்கினாலும் பயனில்லை. அந்த வரிசையின் கடைசிப் பிள்ளைதான் எப்போதும் எட்டிப் பிடிக்க விரைந்துகொண்டிருக்கும். கற்றுக்கொண்டது எல்லாம் அங்கே உதிரும். வரிசையின் இடத்தை மாற்றி மாற்றி விடுகிறாரா என்றும் கவனியுங்கள்.

ஒரு பிள்ளைக்கு ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும். அது பலிக்கவில்லை என்றால் அதையே உரக்கச் சொல்லாமல் வேலையை மாற்ற வேண்டும். உதாரணத்துக்கு ‘பீட்சா’. அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல், ஆப்பு வடிவத்துக்கு. இணைப் பலகைக்கு ‘பொம்ஸ்’, அதாவது உருளைக்கிழங்கு வறுவல். பெரிய பீட்சா, இன்னும் பெரிய பீட்சா என்று கத்திக்கொண்டே இருந்தால் பிள்ளை பின்முனைகளை அளவுக்கு மீறி விரிக்கும். முழங்கால்கள் உள்ளே இடிக்கும், இரண்டு உள்விளிம்பும் பனியில் பூட்டிக்கொள்ளும், திரும்ப முடியாது. பனி இறுகினால் விரித்த பீட்சாவும் நிற்காது. நல்ல பயிற்றுநர் வேகத்தைத் திருப்பத்தால் அடக்கக் கற்றுத்தருவார்: திரும்பிச் சரிவுக்குக் குறுக்கே வா, கொஞ்சம் மேல்நோக்கியும் வா, வேகம் தானாகக் குறையும். இதற்காகப் பனியில் கூம்புகளையோ தூரிகைகளையோ நட்டுவைத்துச் சுற்றி வரச் சொல்வார். பேச்சைவிடக் கூம்பு நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்தாறு வயதுப் பிள்ளையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் கனம் அதிகம். தொடைத் தசை இன்னும் வலுக்கவில்லை. கொஞ்சம் பின்னால் சாய்ந்து, பூட்ஸின் பின்பக்கத்தில் முட்டுக்கொடுத்துத்தான் இறங்கும். இது குறையல்ல, வயது. பெரியவர்களின் நிலையை அதன்மேல் திணிப்பவருக்குப் பிள்ளைகளைப் பற்றித் தெரியாது. உங்கள் மகனின் வயதில் அந்தச் சாய்வு மெல்ல மறைய வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதற்கென்றே ஆரம்ப நிலைப் பயிற்சி தனியாக இருக்கிறது. பள்ளி முகாம்களுக்கு 1972 முதல் நடக்கும் ‘யூகெண்ட் உண்ட் ஸ்போர்ட்’ (இளைஞரும் விளையாட்டும்) திட்டத்தில் பயிற்சி பெற்றவர்கள் வருகிறார்கள். பதினெட்டு வயதுப் பையன் இந்தப் பயிற்சியை முடித்தவனா என்று பள்ளியில் கேட்பது உங்கள் உரிமை. முடித்தவனாக இருந்து, மேலே சொன்னவற்றில் பெரும்பாலானதைச் செய்தால் மகனை அங்கேயே விடுங்கள். மகன் மாலையில் வீட்டுக்கு வந்து நாளைக்கும் போக வேண்டும் என்கிறானா என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஒலிம்பிக் சாம்பியன்களைப் பயிற்றுவித்தவர்கள் எல்லோரும் சாம்பியன்கள்தானே?
— ஒரு வாசகர், திருச்சி

இல்லை. குரோஷியாவின் யானிட்சா கொஸ்டெலிச் 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் 3 தங்கமும் 1 வெள்ளியும் வென்றார். அவரையும் அண்ணன் இவிட்சாவையும் வளர்த்தெடுத்தவர் தந்தை ஆன்டே கொஸ்டெலிச். அவர் ஹேண்ட்பால் ஆட்டக்காரர், ஹேண்ட்பால் பயிற்சியாளர். 2025 பிப்ரவரியில் தன் 100ஆவது உலகக் கோப்பை வெற்றியைப் பெற்ற அமெரிக்காவின் மிகேலா ஷிஃப்ரினுக்கு நெடுங்காலம் பயிற்சியளித்தவர் அம்மா ஐலீன். அவர் தொழிலால் செவிலியர். பிரான்ஸின் கிரெனோபிளில் ஜார்ஜ் ஜூபேர் உடற்கல்வி ஆசிரியர். வீரர்களின் படங்களை அசைவு அசைவாக ஆராய்ந்து நுட்பத்தை எழுதியவர். அவரோடு சேர்ந்து எழுதிய ஜான் வுவர்னேதான் 1960 ஒலிம்பிக்கில் டவுன்ஹில் எனும் அதிவேக இறக்கப் போட்டியில் தங்கம் வென்றவர்.

ஆனால் இதை வைத்து ‘சறுக்கத் தெரியாதவரும் சொல்லித்தரலாம்’ என்று முடிவுகட்ட வேண்டாம். போட்டி வீரரின் பயிற்சியாளர் ஓரத்தில் நின்று பார்க்கலாம், படம் எடுக்கலாம். புதியவரின் பயிற்றுநர் கூடவே சறுக்கியாக வேண்டும். இரண்டும் வேறு வேலை.

அப்படியானால் பிரான்ஸில் ஏன் ஸ்கீப் பயிற்றுநர் ஆகக் கடிகாரம் வைத்துச் சோதிக்கிறார்கள்? நன்றாகப் படிப்பிக்கக்கூடியவர்கள் அதில் தோற்றுப் போகிறார்களே.
— ஒரு வாசகர், பாரிஸ்

நீங்கள் சொல்வது யூரோடெஸ்ட். ஜயன்ட் ஸ்லாலம், அதாவது கம்பங்களைச் சுற்றி வளைந்து இறங்கும் பாதையில் நடக்கும் நேரச் சோதனை. முதலில் பாதையைத் திறந்துவைப்பவர் இறங்குவார். அவர் எவ்வளவு வேகமானவர் என்பது முன்பே அளந்து, நேரத்தைப் பெருக்கும் ஒரு குணகமாக வைக்கப்பட்டிருக்கும். அந்தக் குணகத்தால் திருத்திய நேரம்தான் அளவுகோல். ஆண்கள் அதைவிட 18 சதவீதத்துக்குள்ளும் பெண்கள் 24 சதவீதத்துக்குள்ளும் முடிக்க வேண்டும். அளவுகோல் 50 விநாடி என்றால் ஆணுக்கு 59, பெண்ணுக்கு 62. ஒரு கம்பத்தைத் தவறவிட்டால் நேரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தோல்வி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு விதிமுறை, நாடு விட்டு நாடு போய்ப் பணிசெய்ய விரும்பும் பயிற்றுநர்களுக்கான பொதுச் சோதனையில் இந்த நேர அளவைச் சேர்த்திருக்கிறது. கூடவே பாதைக்கு வெளியே பனிச்சரிவு ஆபத்தைக் கையாளும் பாதுகாப்புச் சோதனையும் உண்டு.

நோக்கத்தில் நியாயம் இருக்கிறது. பிரான்ஸில் முழுத் தகுதி பெற்ற பயிற்றுநர், குறியிடாத பனியாற்றுப் பகுதிகளையும் மலையேற்றக் கருவி தேவைப்படும் இடங்களையும் தவிர, மற்ற எல்லா இடத்துக்கும் எந்த நிலை மாணவரையும் அழைத்துப் போகலாம். அவ்வளவு அகலமான உரிமை கொடுக்கும்போது, எந்தப் பனியிலும் தன் பலகை தன் சொல்லைக் கேட்கும் என்று அவர் நிரூபிக்கத்தான் வேண்டும். நேரத்தை அளப்பதில் சிபாரிசுக்கும் முகத்துக்கும் இடமில்லை என்பதும் ஒரு நன்மை.

ஆனால் அந்தக் கடிகாரம் சறுக்கும் திறமையை மட்டுமே அளக்கிறது. இரண்டு விநாடி தாமதமாக வந்தவர் புதியவர்களுக்குச் சொல்லித்தருவதில் இரண்டு விநாடி மட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. புதியவர்களோடும் பிள்ளைகளோடும் மட்டும் வேலைசெய்ய விரும்புகிறவருக்கும் அதே வாசலை வைப்பது வீண் என்பதே எங்கள் கருத்து. அமெரிக்கப் பயிற்றுநர் சங்கம் வேறு வழியில் போகிறது. அங்கே மூன்று நிலைகள். ஆள்களோடு பழகும் திறன், கற்பிக்கும் திறன், தொழில்நுட்பத் திறன் என்று மூன்றையும் மதிப்பிடுகிறார்கள். முதல் நிலைக்காரரிடம் தொடக்கநிலை மாணவருக்குத் தேவையான சறுக்கலை மட்டும் எதிர்பார்க்கிறார்கள். வேலைக்கு ஏற்ற அளவுகோல் இதுதான் என்று தோன்றுகிறது.

எனக்கு 44 வயது. ஆறு வருடமாக ஒன்டாரியோவில் சறுக்குகிறேன். வார இறுதிகளில் பயிற்றுநராக இருக்க ஆசை. நடுத்தரமான நீலச் சதுரப் பாதைகளில் தடுமாறாமல் இறங்குவேன். கடினமான கறுப்பு வைரப் பாதை கொஞ்சம் கஷ்டம். கனடாவின் முதல் நிலைச் சான்றிதழுக்கு முயலலாமா?
— ஒரு வாசகர், டொரோன்டோ

தாராளமாக. கனடியப் பயிற்றுநர் சங்கத்தில் நான்கு நிலைகள். நான்காவதை எட்டுபவர்கள் சிலரே, அதற்குப் பல வருட உழைப்பு வேண்டும். முதல் நிலை அப்படியல்ல. எளிய பாதையில் அடக்கமான வேகத்தில், ஒரே அளவான திருப்பங்களைத் தொடர்ந்து போட முடிகிறதா, புதிய மாணவரைப் பாதுகாப்பாக நடத்த முடிகிறதா என்பதே கேள்வி. கறுப்பு வைரத்தைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள்.

ஒன்டாரியோவின் குன்றுகள் குட்டையானவை. இதற்கு அது வசதி. ஒரே நாளில் இருபது, முப்பது தடவை இறங்கலாம். அதில் பாதியை மிக எளிய பச்சைப் பாதையில் செலவிடுங்கள். ஆப்பு வடிவத்தில் பத்துத் திருப்பம், கீழே ஒருவர் கைபேசியில் படம் எடுக்கட்டும். பார்க்கும்போது நான்கு விஷயம்: இரண்டு பலகையும் சம கோணத்தில் விரிகிறதா, எல்லாத் திருப்பமும் ஒரே வட்டமா, வேகம் மாறாமல் இருக்கிறதா, தோள் திரும்புகிறதா அல்லது கால் திரும்புகிறதா. ஆறு வருடம் சறுக்கியவர்கள் பெரும்பாலும் கடைசியில்தான் மாட்டுவார்கள்: தோளைச் சுழற்றிப் பலகையை இழுப்பார்கள். மாணவர் அப்படியே நகலெடுப்பார். கைக்கோல்கள் இரண்டையும் படுக்கையாகக் கையில் ஏந்தி, கோல்கள் எப்போதும் பள்ளத்தைப் பார்த்தபடி இருக்கத் திரும்பிப் பழகினால் தோள் அடங்கும்.

கண்ணையும் பழக்க வேண்டும். லிஃப்ட் நாற்காலியில் உட்கார்ந்து மேலே போகும்போது கீழே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். முதலில் பலகை என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள்: வழுக்குகிறதா, வெட்டுகிறதா, எந்தக் கட்டத்தில் வழுக்கத் தொடங்குகிறது? பிறகு பாதம், கால், இடுப்பு, கடைசியாகக் கை, தோள். பலகையில் கண்ட கோளாறுக்கு ஒரே ஒரு காரணத்தைச் சொல்லுங்கள். அதைத் திருத்த ஒரே ஒரு பயிற்சியைச் சொல்லுங்கள். கையிலிருந்து தொடங்கினால் அறிகுறிகளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாளைக்குப் பத்து நாற்காலிப் பயணம், பத்து ஆள். ஒரு பருவம் முடியும்போது உங்கள் சறுக்கல் கொஞ்சம்தான் முன்னேறியிருக்கும், கண் ஏகமாக முன்னேறியிருக்கும்.

நடுவயதில் தொடங்கியவருக்கு ஒரு அனுகூலமும் உண்டு. எது கடினமாக இருந்தது, எந்தச் சொல் கதவைத் திறந்தது என்பது உங்களுக்கு இன்னும் நினைவிருக்கும்.

நார்வேயில் எட்டுப் பருவமாகச் சறுக்குகிறேன். சற்றுக் கடினமான சிவப்புப் பாதையில் நல்ல பனி என்றால் பிரச்சினை இல்லை. பனி இறுகிக் கண்ணாடியானாலோ, மேடும் பள்ளமுமாக ஆனாலோ கால் என் பேச்சைக் கேட்பதில்லை. எனக்கும் சாதாரணப் பயிற்றுநரே போதுமா?
— ஒரு வாசகி, ஓஸ்லோ

போதாது. பயிற்றுநரின் சொந்தத் திறமை கணக்கில் வரும் இடத்துக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள். மாணவரைவிட இரண்டு படியாவது மேலே இருந்தால்தான், தன் உடம்பைப் பற்றி யோசிக்காமல் மாணவரின் உடம்பைக் கவனிக்க முடியும். புதியவருக்கு அந்த இரண்டு படி என்பது சாதாரண உயரம். உங்களுக்கு மேலே இரண்டு படி என்றால் அது சங்கங்களின் மேல்நிலைச் சான்றிதழ் உள்ளவர்கள்தான்.

உங்களைப் போன்றவர்களிடம் வழக்கமாகக் காண்பது இது. திருப்பத்தின் தொடக்கத்தில் எடை உள்பலகையில், அதாவது வளைவின் உட்பக்கப் பலகையில், தங்கிவிடுகிறது. வெளிப்பலகை பனியைக் கவ்வாமல் பாதி வட்டம் சும்மா போகிறது. பிறகு பயந்து, முடிவில் பின்முனையைத் தள்ளி, விளிம்பை அழுத்தி நிறுத்தப் பார்க்கிறீர்கள். மென்மையான பனி இதை மன்னித்துவிடும். இறுகிய பனி மன்னிக்காது. அழுத்தம் முழுதும் கடைசி நொடியில் விழுவதால் விளிம்பு கழன்று பக்கவாட்டில் போகும்.

தள்ளுவதை நிறுத்த, வெளிப்பலகையின் மேல் முன்கூட்டியே நிற்கப் பழக வேண்டும். திருப்பம் முழுவதும் உள்பலகையின் பின்முனையை ஒரு அங்குலம் தூக்கி வையுங்கள். தூக்க முடியாத கட்டம் எதுவோ அங்கேதான் கோளாறு. அடுத்து, இரண்டு கைக்கோல் நுனியும் பனியை உரசியபடியே திரும்புங்கள். வெளிக்கோல் எழும்பினால் நீங்கள் மலைப்பக்கம் சாய்கிறீர்கள். மூன்றாவது, ஒரு பலகையின் நீளமே அகலமாக உள்ள பாதைக்குள் பக்கவாட்டில் வழுக்கி இறங்கி, உடம்பு பள்ளத்தையே பார்த்திருக்கக் கால்களை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழற்றுவது. மேடுபள்ளத்துக்கும் அடிப்படை இதுதான். இதைப் பாதைக்கு வெளியே நழுவாமல் செய்துகாட்ட முடியாதவர் உங்களுக்கு உதவ மாட்டார்.

பயிற்றுநரைக் குறைசொல்லும் முன் பலகையின் விளிம்பைப் பாருங்கள். நகத்தை விளிம்பின் குறுக்கே இழுத்தால் மெல்லிய சீவல் வர வேண்டும். வராத விளிம்போடு கண்ணாடிப் பனியில் யாராலும் நிற்க முடியாது. பட்டறையில் பக்க விளிம்பை 88 டிகிரிக்குத் தீட்டச் சொல்லுங்கள். பொதுவாகச் சறுக்குபவருக்கு அது நல்ல நடுநிலை.

மேடுபள்ளத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் அதில் வேகமாக இறங்குவதைப் பார்த்து மயங்காதீர்கள். ஒவ்வொரு மேட்டிலும் நின்று நின்று, ஒரே வேகத்தில், மெதுவாக இறங்கிக் காட்டச் சொல்லுங்கள். வேகம் பல தவறுகளை மூடிவிடும், மெதுவான இறக்கத்தில் எதையும் மூட முடியாது. குறியிட்ட பாதைக்கு வெளியே போக ஆசை என்றால் அதற்குத் தனித் தகுதி கேளுங்கள். ஆளுக்கொரு பனிச்சரிவு சமிக்ஞைக் கருவி, மடக்குக் கம்பி, மண்வெட்டி இல்லாமல் கிளம்புகிறவரோடு போகாதீர்கள். புதைந்தவரைக் காப்பாற்ற உடன் இருப்பவர்களுக்குக் கிடைப்பது முதல் 10, 15 நிமிடம்தான். வெளியிலிருந்து உதவி அதற்குள் வராது.

குழு வகுப்பில் முழு நாளைவிட, தனி வகுப்பில் காலை இரண்டு மணி நேரம் உங்களுக்குப் பலன் தரும். மீதி நாள் அந்த ஒரு பயிற்சியையே செய்யுங்கள். முதல் இறக்கத்தில் பயிற்றுநர் உங்களுக்கு முன்னால் போகாமல் பின்னால் வந்தால், சரியான ஆளிடம் வந்திருக்கிறீர்கள்.